‘மரைத் தேய்வு’ அல்ல, ‘மரை உரிவு’

பட்டறைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

மரை என்பது போல்ட்டிலும் அதன் துளையிலும் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம். போல்ட்டு இறுகாமல் சும்மா சுற்றும் பழுதுக்குக் குழுவில் ஓர் ஐயா சொன்ன ‘மரைத் தேய்வு’ எனக்கு ஒட்டவில்லை. செருப்பு தேயும், டயர் தேயும், நாள் பிடிக்கும். மரை ஒரே முறுக்கில் போய்விடுகிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வந்த செம்பனைத் தோட்டத்து டிராக்டர் ஒன்று. தெர்மோஸ்டாட் மூடியில் கூலன் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) ஒழுக்கு. பட்டறைப் பையன் இரண்டு முறை பேக்கிங் (மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) மாற்றியும் நிற்கவில்லை. நான் ஸ்பேனர் போட்டபோது ஒரு போல்ட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் நாளே மிஞ்சி முறுக்கிவிட்டு, பயத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறான். ஒரு போல்ட்டு பிடிக்காவிட்டால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. இன்ஜின் சூடேறி அழுத்தம் கூடியதும் தண்ணீர் அந்தப் பக்கமாக வழி கண்டுவிடும்.

கழற்றிப் பார்த்தால், எட்டு மில்லி போல்ட்டின் பள்ளங்களில் அலுமினியம் வெள்ளிக் கம்பி மாதிரி சுற்றியிருந்தது. பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்குத் தெரியும், கத்தியில் பட்டை சுருண்டு வருமே, அதேதான். இரும்புப் போல்ட்டுக்கு ஒன்றுமில்லை, துளையின் அலுமினிய மரைதான் உரிந்துவிட்டது. அதனால்தான் ‘மரை உரிவு’ என்கிறேன்.

‘மரை கழற்சி’யும் வேண்டாம். கழன்றதைத் திரும்ப முடுக்கலாம் (மனிதர்களையும்கூட). உரிந்தது திரும்பாது. மரையா மறையா என்ற சண்டை இன்னொரு மடலுக்கு.

உரிந்த துளைக்குள் புது மரையாக இறக்கும் ஹெலிகாயிலுக்குச் சகோதரி தந்த ‘புரிச்செருகி’யைவிட ‘மரைச்சுருள்’ வாயில் நிற்கும். துளையை 8.3 மில்லிக்குப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப் என்ற கருவியால் மரை வெட்டி, சுருளைத் திருகி இறக்குகிறோம். துளையைவிடச் சற்றுப் பருமனான கம்பிச்சுருள் அது; உள்ளே போனதும் விரிந்து தானாகக் கவ்வும். அடியில் நீட்டியிருக்கும் துண்டை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு ‘வால்’ போதும். துளை தண்ணீர் ஓடும் அறைக்குள் திறந்தால் சுருள் மட்டும் கசிவை அடைக்காது. போல்ட்டு மரையில் சீலன்ட் தடவணும்.

கூலனைத் தயவுசெய்து ‘குளிர்நீர்’ ஆக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து கை வெந்தவன் கேட்கிறேன்.

நேற்று பக்கத்துப் பட்டறை அண்ணனிடம், “மரை உரிஞ்சிருச்சுண்ணே” என்று சொல்லிப் பார்த்தேன். என்ன சொல் இது என்று கேட்கவே இல்லை. “எத்தனை மில்லி?” என்றார்.