பின் படி வளைஞ்சா: பெண்டு எடுக்கிறதா, பிராக்கெட்டை மாத்துறதா?

பள்ளத்துல இறங்கி எதிர் மேடு ஏறும்போது முதல்ல தரையில உரசுறது, வண்டிக்குப் பின்னாடி ஏறக் கால் வைக்கிற பின் படிதான். கொழுக்குமலை மாதிரி பாறைப் பாதையில ஓடுற ஜீப், பொலேரோவுக்கு இது சகஜம். இழுவைக் கயிறைப் படியில கட்டி இழுத்து வளைச்ச கேசும் நிறைய. வளைஞ்சது படியா, அதைத் தாங்குற பிராக்கெட்டா, சேஸிஸோட (வண்டியோட அடிச்சட்டம்) கடைசி கிராஸ் மெம்பரான்னு (குறுக்குச் சட்டம்) முதல்ல பிரிச்சுப் பாருங்க. தரையிலிருந்து அளந்தா ஸ்பிரிங் சாய்வு ஏமாத்திடும். சேஸிஸ் அடிப்பாகத்துலேருந்து ரெண்டு பக்கமும் அளக்கணும். படியைக் கழட்டினதும் கிராஸ் மெம்பர் மேல ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது சேஸிஸ் பட்டறை வேலை, வீட்டு வாசல்ல முடியாது.

*

சரியாச் சொன்னீங்க சார். கழட்டுறதும் லேசு இல்ல. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடுங்க. கேஸ் டார்ச்ல சூடு அடிக்கிறதா இருந்தா டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எங்க போகுதுன்னு பார்த்துட்டு அடிக்கணும். சில வண்டியில நட்டு உள்பக்கம் வெல்டிங் பண்ணியிருக்கும். அது விட்டுப்போனா போல்ட்டு சும்மா சுத்தும். அப்ப கிரைண்டர்ல தலையை வெட்டுறதுதான் வழி.

வண்டியில இருக்கும்போதே சம்மட்டி போடாதீங்க. கிராஸ் மெம்பர்ல இருக்கிற போல்ட்டு ஓட்டை இழுத்துக்கும். கழட்டி வைஸ்ல பிடிச்சு, நீளமான பைப்பை மாட்டி மெதுவா நெம்பணும். 5, 6 மி.மீ. பிளேட் லேசா வளைஞ்சிருந்தா சூடு இல்லாமலே வந்துடும். மடிஞ்சே போயிருந்தா மங்கின சிவப்பு வர்ற வரைக்கும் காய்ச்சி நிமித்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, தானா ஆறட்டும்.

*

நிமித்தின கையோட விரிசல் பார்க்கணும். பெயின்ட்டைச் சுரண்டிட்டு வெல்டிங் ஓரத்துல மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் கழிச்சு நல்லாத் துடைச்சு, சாக்பீஸ் பொடி தூவுங்க. விரிசல் இருந்தா உள்ள தங்கின எண்ணெய் கசிஞ்சு, வெள்ளைப் பொடியில மயிரிழை மாதிரி ஈரக்கோடு எழும்பும். கோட்டோட ரெண்டு முனையிலயும் 3 மி.மீ. ஓட்டை போட்டு, நெடுக கிரைண்டர்ல பள்ளம் எடுத்துட்டு வெல்டிங் வைங்க. 3.15 மி.மீ. வெல்டிங் ராடுக்கு 100-120 ஆம்பியர் போதும். வண்டியிலேயே வெல்டிங் வைக்கிறதா இருந்தா பேட்டரி நெகட்டிவ் கழண்டிருக்கணும், எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னா படி செலவெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்.

போல்ட்டு ஓட்டை முட்டை வடிவமா இழுத்திருந்தா பெரிய வாஷர் போட்டுச் சமாளிக்கிறாங்க. கொஞ்ச நாள்ல படி மறுபடி ஆடும். 6 மி.மீ. பிளேட்ல சரியான ஓட்டை போட்டு மேல வச்சு வெல்டிங் பண்றதுதான் நிக்கும்.

*

எல்லாம் சரி தம்பி. ஆனா "இனிமே வளையவே கூடாது"ன்னு 10 மி.மீ. பிளேட்ல பிராக்கெட் செய்யச் சொல்றாங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். பிராக்கெட் வளையலைன்னா அந்த அடி நேரா கிராஸ் மெம்பருக்குப் போகும். பழைய கனத்துலயே செய்யுங்க. ரெண்டு தடவை மடிஞ்சு நிமிர்ந்த பிராக்கெட்டைத் தூக்கிப் போடுங்க.

பாக்ஸ் சேஸிஸ்ல (உள்ள காலியா, பெட்டி மாதிரி இருக்கிற சேஸிஸ்) போல்ட்டு குறுக்கா போனா உள்ள பைப் துண்டு ஒண்ணு ஸ்லீவா இருக்கணும். இல்லன்னா இறுக்க இறுக்கப் பாக்ஸ் நசுங்கும், போல்ட்டும் லூசாகிட்டே இருக்கும். 8.8 கிரேடு எம்10 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கடைசியா இறுக்குறதுக்கு முன்னாடி பின் கதவை முழுசாத் திறந்து மூடி, படியில இடிக்குதான்னு பாருங்க. வெட்டின, சுரண்டின இடத்துக்கெல்லாம் ஜிங்க் பிரைமர் அடிங்க. 200 கி.மீ. ஓடினதும் எல்லா போல்ட்டுக்கும் திரும்ப ஒரு தடவை ஸ்பேனர் வைக்கணும்.