இண்டி கேமை உருவாக்கியவர்களே அனுமதித்த காணொளிக்கு இசை உரிமைக்கோரல் வருவது ஏன்?

கேள்வி: புதிர்ப்பிரியன்

வணக்கம். பெரிய நிறுவனம் எதையும் சாராமல் மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய ஒரு சிறிய இண்டி புதிர் கேமை முழுவதும் ஆடி, தமிழ் விளக்கவுரையோடு 11 பகுதிகளாக யூடியூபில் ஏற்றியிருந்தேன். காணொளி வெளியிடலாம், விளம்பர வருவாயும் பெறலாம் என்று அவர்கள் ஸ்டீம் என்னும் கேம் விற்பனைத் தளத்தில் உள்ள பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, சென்ற வாரம் ஒரே நாளில் 7 பகுதிகளுக்கு, யூடியூபின் தானியங்கி ஒப்பீட்டு அமைப்பான கன்டென்ட் ஐடி வழியே, இசை தங்களுடையது என்ற உரிமைக்கோரல் வந்தது. கோரியிருப்பது கேமை உருவாக்கியவர்கள் அல்லர். நான் கேள்விப்பட்டிராத ஓர் இசை விநியோக நிறுவனம். அந்த இடங்களில் ஒலியை நீக்கிவிடலாம் என்கிறது யூடியூப். ஆனால் இந்தக் கேமில் எந்தக் கதவு திறக்கும் என்பதையே இசையின் மாற்றம்தான் சொல்கிறது. இசையை எடுத்துவிட்டால் காணொளியில் என்ன மிஞ்சும்? என் சேனலுக்கு ஆபத்து உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: கோடன்

எதையும் நீக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது உரிமைக்கோரல், ஸ்ட்ரைக் (காணொளி நீக்கப்பட்டு, சேனலுக்கே வரும் எச்சரிக்கை) அன்று. 90 நாள்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனல் மூடப்படும் நிலை வரும். உரிமைக்கோரலில் பெரும்பாலும் அந்தக் காணொளியின் வருவாய் கோரியவருக்குப் போகும், அவ்வளவுதான்.

கன்டென்ட் ஐடி என்பது, உரிமையாளர்கள் ஒப்படைத்த ஒலிக்கோப்புகளோடு காணொளிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம். ஒரு பாடல் இன்று அதில் சேர்க்கப்பட்டால், ஏற்கெனவே ஏற்றப்பட்ட காணொளிகளையும் அது தேடிப் பிடிக்கும். ஆறு மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே நாளில் ஏழு வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஸ்டீம் பக்கத்தில் உள்ள அனுமதியை அந்த இயந்திரம் படிப்பதில்லை. ஆகவே, அனுமதி வாசகத்தை மேற்கோள் காட்டி, ஒவ்வொரு கோரலுக்கும் மறுப்புத் தெரிவியுங்கள். கோரல் வந்த 5 நாள்களுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருவாய் தனியே நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான். கோரியவர் 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டால் கோரல் தானாகவே நீங்கிவிடும். ஆனால், அவர்கள் மறுப்பை நிராகரித்து, நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போனால், காணொளியை நீக்கச் சொல்லி அவர்கள் முறைப்படி விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஸ்ட்ரைக் வரும்; மறுப்புக் கட்டத்திலேயேகூட அவர்கள் அப்படி விண்ணப்பிக்க முடியும். எனவே அதற்கு முன்பே கேமை உருவாக்கியவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

மறுமொழி: பண்ணிசை

இப்படிக் கோரல்கள் போகக் காரணமாகும் தவற்றை நான் இசையமைப்பாளர் பக்கமிருந்து செய்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். ஒரு சிறிய கேமுக்கு இசையமைத்த பிறகு, அதன் இசைத்தொகுப்பை ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாக ஸ்பாட்டிஃபை முதலிய தளங்களுக்கு அனுப்பினேன். படிவத்தில், 'யூடியூபில் என் இசையிலிருந்து வருவாய் ஈட்டு' என்ற பொருளில் ஒரு கட்டம் இருந்தது, யோசிக்காமல் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதனால் என் இசை கன்டென்ட் ஐடியில் சேர்ந்துவிட்டது. சில நாள்களில், அந்தக் கேமை அன்போடு அறிமுகப்படுத்திய சேனல்களுக்கெல்லாம் என் பெயரில் கோரல்கள் போயின. அவர்களுடைய காணொளிகளைப் பார்த்துத்தான் பலர் அந்தக் கேமை வாங்கினார்கள். நிறுவனத்துக்கு எழுதி அந்தச் சேர்க்கையை நீக்கச் செய்யும் வரை எனக்கு நிம்மதி இல்லை.

ஆகவே முதலில் இசையமைப்பாளரையே தேடுங்கள். பெரும்பாலும் அவருக்கே இது தெரிந்திருக்காது. கோரலை விடுவிக்கவும், உங்கள் சேனலைக் கோரல் அனுப்பக் கூடாத சேனல்களின் பட்டியலில் சேர்க்கவும் அவர் தம் நிறுவனத்திடம் கேட்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. கேமில் உள்ளது பலருக்கும் உரிமம் விற்கப்படும் ஆயத்த இசையாக இருந்தால், அதே துணுக்கைத் தம் பாட்டில் பயன்படுத்திய வேறொருவர் அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருக்கலாம். தமக்கு மட்டுமே உரியதாக இல்லாத ஒலியை அதில் சேர்க்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. மறுப்பில் இதையே சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய டிஸ்க்

கேமை உருவாக்குவோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். வெளியில் உள்ள பாடலைக் கேமுக்குள் வைக்க, பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமம், அதன் ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமம் என இரண்டு வேண்டும். அவை கேமுக்குள் ஒலிக்க மட்டுமே அனுமதிக்கும், பிறர் வெளியிடும் காணொளிக்கு நீளாது என்பதே வழக்கம். காலவரம்பும் இருக்கும்: இசை உரிமம் முடிந்ததால் 'ஆலன் வேக்' என்ற கேம் 2017 மே மாதம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, 2018 அக்டோபரில்தான் திரும்பியது. 2020இல் வந்த 'சைபர்பங்க் 2077' கேமில், இத்தகைய பாடல்களை மட்டும் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. சிறு குழுக்களும் செய்யக்கூடியதே. ஆனால் கேமுக்கென்றே எழுதப்பட்ட இசைக்கு அது தீர்வாகாது. அங்கே ஒப்பந்தத்தில், இசையமைப்பாளர் இசைத்தொகுப்பை விற்கலாம், கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிடுவதே சரி.

புதிர்ப்பிரியன்

மூவருக்கும் மிக்க நன்றி. ஏழு கோரல்களுக்கும் நான்காம் நாளிலேயே மறுப்புத் தெரிவித்துவிட்டேன். பண்ணிசை சொன்னதுதான் நடந்திருக்கிறது: கேமின் இசையமைப்பாளர் சென்ற மாதம் இசைத்தொகுப்பை வெளியிட்டிருக்கிறார். மின்னஞ்சல் அனுப்பிய அன்று இரவே வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். இதுவரை ஐந்து கோரல்கள் விடுவிக்கப்பட்டுள்ளன; மற்ற இரண்டும் வேறொரு பாடலின் பெயரில் வந்தவை என்பதால், அவற்றைத் தனியே விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.