ஏழாம் வகுப்பு சயின்ஸ்: சார்ட், மாடல் வாங்காம செஞ்சு காட்ட வெச்சு மார்க் போடுறது எப்படி?

கரும்பலகை:
வணக்கம். அரசு நடுநிலைப்பள்ளியில ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறேன், கிளாஸ்ல 38 பிள்ளைங்க. எஃப்.ஏ. (அ), அதாவது வளரறி மதிப்பீட்டோட செயல்பாட்டுப் பகுதி, 20 மார்க்குக்கு எங்க ஸ்கூல்ல ரொம்ப நாளா சார்ட், ஆல்பம், தெர்மாகோல் மாடல்னு தான் நடக்குது. ஸ்கூல் எதிர்ல இருக்குற ஸ்டேஷனரி கடையிலேயே படம் ஒட்டுன சார்ட் ரெடியா கிடைக்குது. போன பருவத்துல ஒரு பையன் நீர் சுழற்சி மாடல் சூப்பரா கொண்டு வந்தான், இதுல மேகம் எப்படிப்பா உருவாகுதுன்னு கேட்டா "எங்க அண்ணன் தான் மிஸ் செஞ்சான்"னு சொல்றான். அதே கிளாஸ்ல இன்னொரு பிள்ளை, அப்பா அம்மா ரெண்டு பேரும் நூறு நாள் வேலைக்கு போறவங்க, சார்ட் வாங்க காசில்லாம நோட்டு பேப்பர்ல வரைஞ்சு கொண்டு வந்துச்சு, அதுக்கு மார்க் கம்மி. ஆனா லேப்ல ஒயர், பேட்டரி குடுத்தா முதல்ல பல்பு எரிய வைக்கிறது அந்த பிள்ளை தான். இது எனக்கு ரொம்ப உறுத்துது.

இந்த தடவை அளவீட்டியல் பாடத்துல அடர்த்திக்கு கிளாஸ்லயே, என் கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டுற மாதிரி ஒண்ணு வைக்கணும்னு நினைக்கிறேன். எங்ககிட்ட இருக்குறது 100 எம்.எல். அளவு ஜாடி ரெண்டு, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. பீரியட் 40 நிமிஷம். 38 பேரை எப்படி பார்த்து முடிக்கிறது, மார்க் எப்படி பிரிக்கிறது, எச்.எம். ரெக்கார்டு கேட்டா எதை காட்டுறது? செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஜடத்துவம்:
டீச்சர், நல்ல பாடமா எடுத்திருக்கீங்க, அடர்த்தி இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். முதல்ல ஒண்ணு, புக்குல இருக்குற செய்முறையை அப்படியே குடுத்து "ஒழுங்கற்ற கல்லை தண்ணிக்குள்ள போட்டு, மட்டம் எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து கனஅளவு கண்டுபிடி"ன்னு சொன்னா பிள்ளைங்க ஸ்டெப் ஸ்டெப்பா செஞ்சிடுவாங்க, அதுல சொன்னதை கேக்குறாங்களாங்கிறது மட்டும் தான் தெரியும். எல்.எல்.ஆர். எடுக்க சிக்னல் கேள்விக்கு பதில் சொன்னா போதும், லைசென்ஸ் வேணும்னா ஆர்.டி.ஓ. கிரவுண்டுல வண்டி எடுத்து எட்டு போட்டே ஆகணும்ல, அந்த மாதிரி அவங்களே முடிவு எடுக்க வேண்டிய ஒரு இடம் டாஸ்க்குக்குள்ள இருக்கணும்.

நான் செய்றது இது தான். பொம்மை செய்ற கலர் களிமண் கடையில கிடைக்கும், ஒரே கலர்ல வாங்கிக்கோங்க. சுமாரா 40 கிராம்ல ஒரு உருண்டை, 80 கிராம்ல ஒரு உருண்டை. கேள்வி ஒரே வரி: "பெரிய உருண்டைக்கு அடர்த்தி அதிகமா, சின்னதுக்கா, ரெண்டுக்கும் ஒண்ணா? முதல்ல நினைக்கிறதை எழுது, அப்புறம் அளந்து காட்டு." சூத்திரத்தை மனப்பாடமா ஒப்பிச்ச பிள்ளைங்களே பாதிக்கு மேல "பெரியது, ஏன்னா வெயிட் அதிகம்"னு எழுதுவாங்க பாருங்க. நிறை / கனஅளவுன்னு பரீட்சையில எழுதி ஃபுல் மார்க் வாங்குன பிள்ளை கூட எழுதும்.

இதுல அழகான விஷயம் என்னன்னா உருண்டையா இருந்தா அளவு ஜாடி வாய்க்குள்ள போகாது. அப்போ என்ன பண்றாங்கன்னு பாருங்க. சில பேர் உடனே உருட்டி நீளமா ஆக்கி உள்ள விடுவாங்க, சில பேர் "சார் ஷேப் மாத்தினா கனஅளவு மாறிடுமே"ன்னு கையை கட்டிக்கிட்டு நிப்பாங்க. நீங்க எதுவும் சொல்லாதீங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல தான் யாருக்கு கனஅளவுன்னா என்னன்னு புரிஞ்சிருக்குங்கிறது வெளிய வரும்.

பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியது: களிமண்ணை போடுறதுக்கு முன்னாடி தண்ணி மட்டத்தை குறிச்சாங்களா, தண்ணி நடுவுல குழிஞ்சிருக்குமே அந்த குழியோட அடிக்கு நேரா கண்ணை இறக்கி பார்த்தாங்களா இல்ல மேல நின்னே வாசிச்சாங்களா, ஒட்டிக்கிட்டு இருக்குற காத்துக்குமிழியை தட்டி விட்டாங்களா. கண்ணை நேரா வைக்காம வாசிச்சா வர்ற தப்பு இடமாறு தோற்றப்பிழைன்னு ஆறாம் வகுப்புலயே எழுதிட்டு வந்த பிள்ளைங்க தான், கண்ணு மட்டும் மேலயே இருக்கும்.

கடைசில அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சின்னதுக்கு 1.6 கிராம், பெரியதுக்கு 1.8 கிராம்னு ஏதாவது வரும். "அப்போ ரெண்டும் வேற வேறயா?"ன்னு கேளுங்க. ஒரே களிமண் தானே சார், நாங்க அளந்ததுல தான் வித்தியாசம் வந்திருக்கும், இன்னொரு தடவை பார்க்குறோம்னு சொல்ற பிள்ளைக்கு பாடம் உள்ள போயிடுச்சு.

---

நாலாவது பெஞ்ச்:
படிக்க நல்லா இருக்கு ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நாலு பேர் குரூப்னா ஒருத்தன் செய்வான், மூணு பேர் வேடிக்கை பார்ப்பான், மார்க் நாலு பேருக்கும். போர்ஷன் வேற முடிக்கணும். அடுத்த வருஷம் இதே பிள்ளைங்க எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை தேர்வு எழுதணும், அது முழுக்க அப்ஜெக்டிவ் டைப், பாஸ் பண்ணி லிஸ்ட்ல வந்தா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபா. நீங்க சொன்ன நூறு நாள் வேலைக்கு போற வீட்டு பிள்ளைக்கு அந்த காசு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும். நேரத்தை அதுக்கு செலவு பண்றது தான் நியாயம்னு எனக்கு படுது.

---

ஜடத்துவம்:
சார் நீங்க சொல்ற ரெண்டும் நிஜமான பிரச்சனை தான். குரூப் விஷயத்துக்கு நான் பண்றது, அளக்குறது மட்டும் சேர்ந்து, ஆனா ரீடிங் எடுக்குறது ஆளுக்கு ஒண்ணா மாறி மாறி. முதல்ல நினைச்சதை எழுதுறதும் கடைசி விளக்கமும் தனித்தனி சீட்டுல, பக்கத்துல பார்க்காம. விளக்கத்துக்கு உண்டான மார்க் அவங்கவங்களுக்கு. என்.எம்.எம்.எஸ். பத்தி, ரெண்டு பொருளோட நிறையையும் கனஅளவையும் குடுத்து எது மிதக்கும்னு கேட்டா களிமண்ணை கையால உருட்டுன பிள்ளை யோசிச்சு போடும், சூத்திரம் மட்டும் தெரிஞ்சது தலைகீழா வகுத்துட்டு வந்துடும். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு டாஸ்க், அதுவும் முக்கியமான பாடத்துல மட்டும் வெச்சா போர்ஷன் ஒண்ணும் நிக்காது. எல்லா பாடத்துக்கும் வைங்கன்னு நானும் சொல்லல.

---

சிவப்பு மை:
நான் சிபிஎஸ்இ ஸ்கூல், ஒன்பது பத்து எடுக்குறேன். எங்களுக்கும் உள் மதிப்பீடு 20, பீரியாடிக் டெஸ்ட், மல்டிபிள் அசஸ்மென்ட், போர்ட்ஃபோலியோ, சப்ஜெக்ட் என்ரிச்மென்ட்னு ஒவ்வொண்ணுக்கும் 5. பேப்பர்ல அருமையா இருக்கும், நிறைய இடத்துல கடைசில ரெக்கார்டு நோட்டு நீட்டா இருக்கா, அட்டை போட்டிருக்கான்னு பார்த்து மார்க் விழுந்துடுது. அதனால ரூப்ரிக், அதாவது எதை செஞ்சா எவ்வளவு மார்க்குங்கிற பட்டியல், எழுதும்போது கவனமா இருங்க மேடம். "நன்று, மிக நன்று, முயற்சி தேவை"ன்னு எழுதுனா அது ரூப்ரிக்கே இல்ல, கண்ணால என்ன பார்த்தோம்ங்கிறதை எழுதணும். அளக்குறதுக்கு 4 மார்க்னு வைங்க, முழு 4 யாருக்குன்னா "முதல் மட்டம், கடைசி மட்டம் ரெண்டையும் குறிச்சு, கண்ணை நேரா வெச்சு, அலகோட எழுதுனவங்க", 2 யாருக்குன்னா "ரீடிங் எடுத்தாங்க ஆனா முதல் மட்டத்தை கழிக்கல". இந்த மாதிரி. எப்படி செய்யலாம்னு யோசிச்சதுக்கு 3, விளக்கத்துக்கு 3, மொத்தம் 10. அழகுக்கு, கையெழுத்துக்கு, கலர் ஸ்கெட்சுக்கு மார்க் வேண்டவே வேண்டாம், காசு இருக்குற வீட்டு பிள்ளை ஜெயிக்கிறது அந்த வழியா தான்.

இதை டாஸ்க் அன்னைக்கு குடுக்காம முன்னாடியே போர்டுல எழுதி போட்டுடுங்க. பிள்ளைங்களுக்கு எதை பார்க்க போறோம்னு தெரியுறதுல தப்பே இல்ல. எச்.எம்.க்கு காட்ட, ஒவ்வொரு பிள்ளையோட சீட்டையும் அதுல நீங்க டிக் அடிச்ச ரூப்ரிக்கையும் சேர்த்து ஸ்டேபிள் பண்ணா போதும், எந்த சார்ட்டை விடவும் அது ஸ்ட்ராங்கான ரெக்கார்டு. முடிஞ்சா கணக்கு டீச்சரை கூப்பிட்டு ஒரு குரூப்புக்கு ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போட்டு பாருங்க, எந்த வரி குழப்பமா இருக்குன்னு உடனே தெரிஞ்சிடும்.

---

கடல் தாண்டி:
சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன், டீச்சர் இல்ல, ஒரு அம்மா. இங்க தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுல தமிழுக்கு மொத்தம் 200 மார்க், அதுல வாய்மொழிக்கு மட்டும் 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. வாய்மொழில ஒரு பகுதியை வாசிக்கணும், அப்புறம் ஒரு சின்ன காணொளி பார்த்துட்டு தேர்வாளரோட தமிழ்ல உரையாடணும். அதனால தமிழ் வீட்ல புழங்காத குடும்பங்கள்ல கூட பிள்ளைகளோட பேசிப் பழகுறாங்க. அறிவியல் பத்தி எனக்கு தெரியாது, ஆனா எதுக்கு மார்க் இருக்கோ அதை தான் வீட்ல நாங்க பழக்குறோம், அதனால சார்ட்டுக்கு மார்க் இருக்குற வரைக்கும் பெற்றோர் கடைக்கு தான் போவாங்கன்னு தோணுது.

---

கரும்பலகை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. களிமண் டாஸ்க்கே வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். 38 பேரை ஒரே பீரியட்ல பார்க்க முடியாது, அதனால ஒரு நாளைக்கு ரெண்டு குரூப் மட்டும் ஜாடிகிட்ட, மத்தவங்க அந்த நேரம் அடர்த்தி கணக்கு போடட்டும். ஒரு வாரத்துல முடிஞ்சிடும். ஒரே ஒரு சந்தேகம், முதல் நாள் செஞ்ச பிள்ளைங்க வெளிய போய் "ரெண்டுக்கும் ஒண்ணு தான்டா"ன்னு பதிலை சொல்லிட மாட்டாங்களா? அப்புறம் ஆப்சென்ட் ஆனவங்களுக்கு என்ன பண்றது?

---

ஜடத்துவம்:
கண்டிப்பா சொல்லுவாங்க டீச்சர், அதனால நினைக்கிறதை எழுதுற சீட்டை மட்டும் முதல் நாளே 38 பேர்கிட்டயும் வாங்கி வெச்சிடுங்க. அப்புறம் குரூப்புக்கு குரூப் பொருளை மாத்துங்க, ஒரு குரூப்புக்கு களிமண், இன்னொண்ணுக்கு சின்னதும் பெருசுமா இரும்பு நட்டு. இரும்புக்கு 7.8 கிட்ட வரணும், நட்டு சின்னதா இருந்தா தண்ணி ஏறுறதே தெரியாது, நாலஞ்சை நூல்ல கோர்த்து இறக்க சொல்லுங்க. பதில் தெரிஞ்சிருந்தாலும் அளந்து தான் ஆகணும், ஏன்னு சொல்லி தான் ஆகணும். ஆப்சென்ட் ஆனவங்களை கடைசி நாள் ஒரு குரூப்பா சேர்த்துடுங்க. களிமண்ணை ஒவ்வொரு தடவையும் துணியில ஒத்தி ஈரம் எடுத்துட்டு தராசுல வைங்க, இல்லன்னா வெயிட் கூடிக்கிட்டே போகும். முடிஞ்சதும் என்ன ரீடிங் வந்துச்சுன்னு இங்க போடுங்க, நானும் என் கிளாஸ் ரீடிங்கை போடுறேன்.