எழுந்து நடந்தால்தான் வாயை மூடும் அலாரம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். இது என் தம்பிக்காகச் செய்தது. அவன் தூக்கத்திலேயே கையை நீட்டி அலாரத்தை அணைத்துவிடும் ரகம். போனை அலமாரி மேல் வைத்தாலும் எழுந்து போய் அணைத்துவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்வான். பட்டன் இருந்தால்தானே அழுத்துவான்? பட்டனே இல்லாத அலாரம் ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன். படுக்கையை விட்டு எழுந்து நடந்தால் மட்டுமே அது நிற்க வேண்டும்.

சாமான் எல்லாமே சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் வாங்கியது: ஆர்டுயினோ ஊனோ போர்டு (நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய சிறு கணினி), டிஎஸ்3231 கடிகார மாட்யூல், ஹெச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் சென்சார் (உடம்பின் வெப்பத்தை வைத்து அசைவை அறிவது), நான்கு இலக்க டிஸ்ப்ளே, ஒலி எழுப்ப ஒரு பஸ்ஸர். போர்டிலேயே நேரம் ஓடுகிறதே, தனியாகக் கடிகாரம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஊனோ நேரத்தை எண்ணும் துடிப்பு செராமிக் ரெசனேட்டர் என்ற மலிவான உறுப்பிலிருந்து வருகிறது. அதில் 0.5 சதவீதம் வரை பிசகு இருக்கலாம். ஒரு நாளைக்கு அது 7 நிமிடம். மின்சாரம் போனால் நேரமே மறந்துவிடும். டிஎஸ்3231-க்குள் வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் இருப்பதால் வருடத்துக்கே சுமார் ஒரு நிமிடம்தான் விலகும்.

நேரம் இப்படிச் சுலபமாகத் தீர்ந்துவிட்டது. மண்டை காய்ந்தது சென்சாரிடம்தான். பிஐஆருக்கு மனிதனைத் தெரியாது, தூக்கமும் விழிப்பும் தெரியாது. உள்ளே அகச்சிவப்புக் கதிரை உணரும் இரண்டு பகுதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் விழும் வெப்பம் மற்றதிலிருந்து மாறும்போதுதான் சிக்னல் வரும். வெள்ளைக் குமிழ் போன்ற லென்ஸ், அறையைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நாம் குறுக்கே நடந்தால் கீற்றுக்குக் கீற்று தாண்டுவதால் உடனே பிடிக்கும். நேராகச் சென்சாரை நோக்கி வந்தால் மந்தம். கட்டிலைப் பார்த்து மாட்டினால் புரண்டு படுத்தாலே போதும், எழுந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடும்.

அதனால் என்னைக் கேட்டால், புரோகிராமைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் பாதி வேலை. எங்கள் வீட்டில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில், இடுப்பு உயரத்தில், ஆள் குறுக்கே போகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். பக்கவாட்டுப் பார்வையை மறைக்க லென்ஸைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிய அட்டைக் குழாய்.

அப்புறம், அசைவு தெரிந்ததும் நிறுத்து என்று எழுதினால் அவன் ஒரு நடை வந்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஒரு நிமிடத்தில் மொத்தமாக 40 விநாடியாவது அசைவு இருந்தால்தான் ஒலி நிற்கும். அடுத்த 10 நிமிடத்தில் நடையில் மறுபடி ஆள் தெரியவில்லை என்றால் திரும்பக் கத்தும். (குளிக்கிற நேரத்திலும் கத்துகிறது என்று வீட்டில் புகார். அது நியாயமான புகார்தான்.) சென்சாரில் உள்ள நேரத் திருகை முழுக்கக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே அசைவுக்கு 5 நிமிடம் வரை "ஆள் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கரண்ட் கொடுத்த முதல் ஒரு நிமிடம் கன்னாபின்னாவென்று சிக்னல் வரும், அதைப் பொருட்படுத்தக் கூடாது. புரோகிராமில் டிலே (போர்டை அப்படியே நிறுத்தி வைக்கும் கட்டளை) போட்டுக் காத்திருக்கவும் கூடாது. அந்த நேரத்தில் போர்டு சென்சாரைப் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும் மில்லிஸ் கட்டளையை வைத்து எழுதுங்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று கவனித்தேன். மொட்டை மாடி அறை மாதிரி சுவரே சூடாக இருக்கும் இடங்களில் உடம்புக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்துவிடும், பிஐஆரின் எட்டும் தூரமும் சுருங்கிவிடும்.

———

அண்ணா, நான் விடுதியில் இருக்கிறவன், மாட்ட நடையெல்லாம் கிடையாது. அதனால் ஆட்டத்தை உணரும் எம்பியு6050 முடுக்கமானியைக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். குறித்த நேரத்துக்கு முந்தைய அரை மணியில் நான் புரண்டால் அப்போதே எழுப்பும், புரளாவிட்டால் குறித்த நேரத்தில் எழுப்பும். அசைவை வைத்துத் தூக்கத்தின் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏற்கெனவே நெளிந்துகொண்டிருக்கும்போது எழுப்பினால் எரிச்சல் குறைவு, அது உண்மை.

இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: போர்டு பல மாட்யூல்களோடு ஒரே ஜோடிக் கம்பியில் பேசும் முறைக்கு ஐ2சி என்று பெயர்; அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. டிஎஸ்3231, எம்பியு6050 இரண்டுக்கும் ஐ2சி முகவரி ஒன்றேதான், ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்ணில்) 68. இரண்டையும் ஒரே கம்பியில் போட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது; நேரம் கேட்டால் குப்பை வரும். எம்பியு6050-இல் ஏடி0 என்ற காலை 3.3 வோல்ட்டில் இணைத்தால் அதன் முகவரி 69 ஆகிவிடும். புரோகிராமிலும் அதை மாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கலுக்குத்தான் வழி தெரியவில்லை. எங்களுடையது இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில். மேலே படுத்திருப்பவன் புரண்டால் நான் எழுந்துகொள்கிறேன்.

———

தம்பி, சட்டத்திலிருந்து கழற்றி உங்கள் மெத்தைக்கு அடியில், தோள்பட்டை வரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மேல் கட்டிலின் ஆட்டம் முழுக்கப் போகாது, ஆனால் உங்கள் அசைவு அதைவிடப் பெரிதாகத் தெரியும். பிறகு எவ்வளவு ஆட்டத்துக்கு மேல் கணக்கில் எடுப்பது என்ற அளவை உயர்த்திக்கொள்ளலாம்.

பிஐஆருக்குப் பதில் ஆர்சிடபிள்யுஎல்-0516 வாங்க நினைப்பவர்களுக்கு: அது மைக்ரோவேவ் டாப்ளர் சென்சார், அதாவது அலையை அனுப்பி, திரும்பி வருவதில் உள்ள மாற்றத்தை வைத்து அசைவை அறிவது. வெயில், வெப்பம் எதுவும் அதைப் பாதிக்காது, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மறைத்தும் வைக்கலாம். அதே காரணத்தால் மரக்கதவையும் மெல்லிய தடுப்பையும் தாண்டிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அம்மா காலையில் சமையலறையில் நடமாடியதை வைத்து நான் எழுந்துவிட்டதாக அது முடிவு செய்தது. படுக்கையறையில் மின்விசிறி ஓடினாலும் அதற்கு அசைவுதான். தனி வீட்டில் தனியாக இருப்பவருக்குச் சரி, மற்றவர்களுக்குப் பிஐஆரே மேல்.

———

கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். டிஎஸ்3231-இல் உள்ள பட்டன் செல் நேரத்தை மட்டும்தான் காப்பாற்றும், பஸ்ஸர் அடிக்காது. பவர் பேங்கில் ஓட்டலாம் என்றால், எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்று சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடுகின்றன. நான் 18650 என்ற சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல்லும், சார்ஜ் ஆகிக்கொண்டே 5 வோல்ட் தரும் சிறு மாட்யூலும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டன் செல் விஷயத்தில் மட்டும் கவனம். மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 மாட்யூல் பலவற்றில் செல்லை சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கிறது. அது சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032 செல்லுக்கானது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிஆர்2032 சார்ஜ் செய்யக் கூடாத வகை; 5 வோல்ட்டில் ஓட்டினால் செல் உப்பிவிடலாம். சிஆர்2032 போடுவதானால், அந்த சர்க்யூட்டில் உள்ள டயோடையோ அதோடு சேர்ந்த 200 ஓம் ரெசிஸ்டரையோ சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டு அப்புறம் செல்லைப் போடுங்கள்.