கர்நாடகக் கரையோரத்தில் பேசுகிற துளு மொழி முதன்முதலா எப்போ காதில் விழுந்தது?

கரையோரம்:
மங்களூரில் ரெண்டு வருஷம் வேலை. வீட்டு ஓனரம்மாவிடம் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பேசுவேன். அவர் பாதியிலேயே துளுவுக்குத் தாவிவிடுவார். முதல் மாசம் ஒன்றுமே பிடிபடவில்லை. ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது மருமகளிடம், "யான் பர்பெ" என்றார். வருகிறேன் என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்யுளில் மட்டும் பார்த்த 'யான்' பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போகிறது! வீட்டுக்கும் 'இல்ல்' என்றுதான் சொன்னார்கள்.

அந்தத் தெம்பில் எல்லாம் புரிகிறதென்று தலையாட்ட ஆரம்பித்தேன். அங்கேதான் வழுக்கியது. சின்ன வயதில் 'அம்மெ' தன்னைத் தோளில் தூக்கிப் போய் விடிய விடிய யக்ஷகானக் கூத்து காட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன தைரியசாலி அம்மா என்று நான் உருகிக்கொண்டிருக்க, சுவரில் மாட்டியிருந்த மீசைக்காரர் படத்தைக் காட்டினார். துளுவில் அம்மெ என்றால் அப்பா. அம்மாவுக்கு 'அப்பெ'!

ஏழிலை:
எனக்கு உடுப்பிப் பக்கம், ஆடி அமாவாசை. அவர்கள் அந்த மாசத்தை 'ஆட்டி' என்பார்கள். விடிவதற்கு முன்னாலேயே நண்பனின் மாமா பாலெ மரப்பட்டையோடு வந்தார். நம்ம ஏழிலைப்பாலைதான். பட்டையில் கத்தி படக்கூடாதாம், கல்லால் தட்டித்தான் எடுக்கணும். கஷாயம் ஒரு மடக்கு. அப்படியொரு கசப்பை நான் கண்டதில்லை. பிறகு சூடு தணிய வெந்தயக் கஞ்சி கொடுத்தார்கள். அதற்காக இன்னொரு மடக்குகூடக் குடிக்கலாம்.

பழைய பேனா:
லிபியே இல்லாத மொழிதானே என்று ஆபீஸில் உளறி, ஒரு மங்களூர்க்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திகளாரி என்ற லிபி இருக்கிறது, நம்ம கிரந்த எழுத்தின் வழி வந்தது. 2024இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. அவருடைய ஆதங்கம் வேறு. 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கு மேல் துளு பேசுகிறவர்கள் இருந்தும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் இடமில்லை. நியாயமான கோபம். ஆனால் அவர் இன்னும் உருகிப் பேசியது பாட்டி நாற்று நடும்போது பாடிய பாட்தனங்கள் என்ற கதைப்பாட்டுகளைப் பற்றித்தான், கோட்டி, சென்னயர் என்ற இரட்டை வீரர்களின் கதையெல்லாம் அதில் வருமாம். ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னேன். "எனக்கு மறந்துபோச்சு" என்றார்.

கரையோரம்:
என் ஓனரம்மா இப்பவும் போன் பண்ணுவார். ஹலோ எல்லாம் கிடையாது. "ஒணஸ் ஆண்டா?" சாப்பாடு ஆச்சா?