ரேடியேட்டர் ஃபேனுக்கு வயர் இழுத்த அனுபவம்

பழைய காரில் பெரிய எஞ்சினை ஏற்றியதும், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபேனுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. ரேடியேட்டருக்கும் புல்லிக்கும் நடுவே நாலு விரல் நுழையும் அவ்வளவுதான். அதனால் 16 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வாங்கி, ரேடியேட்டரின் எஞ்சின் பக்கத்தில், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும்படி மாட்டினேன். வயரிங்கும் நானே செய்தேன்.

வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நெரிசலில் பத்து நிமிடம் நின்றால்தான் தொல்லை, முள் 105 டிகிரி வரை ஏறும். ஃபேன் சுற்றுகிறது, சத்தமும் கேட்கிறது, சூடு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குக் கூலன்ட் போக வழி திறக்கும் வால்வு) மாற்றினேன். கூலன்ட்டை வடித்துப் புதிதாக ஊற்றி ஏர் எடுத்தேன். ரேடியேட்டரைக்கூடக் கழற்றிக் கழுவினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

அப்புறம்தான் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தோன்றியது. பேட்டரியில் 13.8 வோல்ட். ஃபேன் கனெக்டரில் 10.9. கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. ஃபேன் இழுப்பது 22 ஆம்பியர். கணக்குப் போட்டால் 60 வாட்டுக்கு மேல் வயரையும் இணைப்புகளையும் சூடாக்கத்தான் செலவாகிறது. ஃபேனை கனெக்டரிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் இது தெரியவே தெரியாது, கரன்ட் ஓடாதபோது இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஃபேனின் நெகட்டிவ் வயரிலும் வைத்தேன். 1.6 வோல்ட். அந்த வயரைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினால், ரிங் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும்தான் கரன்ட் போயிருக்கிறது. மிச்ச இழப்பில் பாதி ரிலே (சிறிய கரன்ட்டால் ஃபேனின் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) சாக்கெட்டில். ஃபேனுக்குக் கரன்ட் போகும் 87-ஆம் நம்பர் பின்னைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

2.5 சதுர மி.மீ. வயரை எடுத்துவிட்டு 6 சதுர மி.மீ. போட்டேன். எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். ரிலேயும் சாக்கெட்டும் புதிது. 40 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தேன், வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால் அது காப்பாற்ற வேண்டுமே. இப்போது ஃபேனில் 13.4 வோல்ட். முன்பு முனகிய ஃபேன் இப்போது காற்றை வாரி எறிகிறது. அதே நெரிசலில் முள் 96-ஐத் தாண்டுவதில்லை.

*

உங்கள் பதிவைப் படித்தேன், எனக்கு நடந்தது வேறு அண்ணா. நின்றால் சூடு ஏறுவதோடு, மெதுவாக ஓட்டினாலும் ஏறும். வோல்ட் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் பக்கம் பறக்கிறது! பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்ததால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, வரும் காற்றோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. இரண்டு வயரை மாற்றிச் சொருகினேன், ஐந்து நிமிட வேலை.

*

கூலன்ட் சூடானதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். என்னுடையது ஒற்றை வயர் சுவிட்ச். அதன் உடம்பு வழியாகத்தான் ரிலேக்கு எர்த் கிடைக்கும். ஒழுகக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பை நன்றாகச் சுற்றி முறுக்கியதில் எர்த் பாதி நேரம் கிடைக்கவில்லை. ஃபேன் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. டேப்பைப் பிய்த்துவிட்டு, மரையில் சீலன்ட்டை மெல்லியதாகத் தடவியதும் சரியானது.

இன்னொன்று, எஞ்சின் பக்கம் சுவிட்ச் வைப்பவர்கள் அது எத்தனை டிகிரியில் அணைகிறது என்று பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது 80-இல் அணைவது, தெர்மோஸ்டாட்டோ 82-இல் திறப்பது. எஞ்சின் 80-க்கு இறங்கவே இறங்காது, ஒருமுறை ஓட ஆரம்பித்த ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. 92-இல் ஓடி 87-இல் நிற்பதாக மாற்றிய பிறகுதான் அது இடையிடையே நின்று நின்று ஓட ஆரம்பித்தது.