நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் ஏன் சிரிக்க வைக்கல? எக்ஸ்பான்ஸ் எப்படிப் பாக்கறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வடிவேலு, டைரக்டர் சுராஜ், நாய் சேகர்ங்கற அதே பேரு. 2006 தலைநகரத்துல எதுவெல்லாம் எடுபட்டுச்சோ, அத்தனையும் 2022 படத்துலயும் இருக்குதுங்க. அப்புறம் ஏன் வெறும் சத்தமா போச்சு? இன்னொன்னு, தி எக்ஸ்பான்ஸ்னு ஒரு விண்வெளி டிவி தொடர் நல்லாருக்கும்கறாங்க, ஆனா மூணாவது எபிசோடுக்குள்ள தலை சுத்துதாம். எப்படிப் பாத்தா பிடிபடும்? கதைய உடைச்சுராதீங்க.

வாளையார்_வளைவு:
முதல்ல ஒண்ணு. தேடறப்ப ரெண்டு படம் வரும். சும்மா ‘நாய் சேகர்’னு இருந்தா அது சதீஷ் நடிச்சது, மனுசனுக்கும் நாய்க்கும் குணம் மாறிப்போற கதை, அதே 2022 ஜனவரியில வந்தது. நீங்க கேக்கறது டிசம்பர்ல வந்த ‘ரிட்டர்ன்ஸ்’.

தலைநகரத்துல கதைய இழுத்துட்டுப் போறது சுந்தர் சி. சேகர் நடுநடுவுல வந்து உதார் விட்டு, அடி வாங்கிட்டுப் போயிருவாரு. உதாருக்கும் அடிக்கும் உள்ள அந்த இடைவெளியிலதான் சிரிப்பே. ரிட்டர்ன்ஸ்ல அவரே ஹீரோ. நாயக் கடத்திப் பணம் பறிக்கறது, குடும்பத்தோட ராசி நாயத் தேடி ஹைதராபாத் போறதுன்னு மொத்தக் கதையும் அவர் தலையில. சுத்தி நிக்கறவங்களும் ஆளுக்கொரு காமெடி பண்றாங்க. எல்லாரும் கோமாளின்னா யாரப் பாத்து யாரு முழிக்கறது? ஆனந்தராஜ் வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் உசுரு இருக்குது, ஏன்னா அவரு நிஜமாவே கோவப்படறாரு.

மீனாட்சிபுரம்_மெயில்:
அப்படின்னா வடிவேலு ஹீரோவாவே ஆகக்கூடாதுன்னு ஆயிருமேண்ணா! அதே 2006லதான இம்சை அரசன். அதுல ரெட்டை வேசம். வீரம், நியாயம், கதையோட எடை எல்லாம் உக்கிரபுத்தன் சுமக்கறான், புலிகேசி கவலையில்லாம அசடா இருக்கலாம். போதாததுக்கு நாசர் மாதிரி ஒரு சூழ்ச்சிக்கார மாமா வேற. ரிட்டர்ன்ஸ்ல அந்தப் பாரத்தப் பங்கு போட ஆளே இல்ல. நடிப்புல குறை சொல்ல மாட்டேன், எழுத்துலதான் ஓட்டை.

சித்தூர்ப்_புழை:
எக்ஸ்பான்ஸுக்கு வர்றேன். தலை சுத்தறதுக்குக் காரணம், கதை மூணு இடத்துல தனித்தனியா ஓடுது. சீரிஸ்ங்கற குறுங்கோள்ல போலீஸ்காரர் மில்லர், கப்பல்ல ஹோல்டன் கூட்டம், பூமியில ஐ.நா. அதிகாரி அவசரலா. முதல் சீசன் பாதி தாண்டற வரைக்கும் இது ஒண்ணோட ஒண்ணு சேராது. பூமி, செவ்வாய், பெல்ட் (சிறுகோள் பட்டையில வாழறவங்க)னு மூணு கட்சி, யாரு எந்தக் கட்சின்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க, போதும்.

அடுத்தது ஈர்ப்பு விசை. இங்க மாய மந்திர ஈர்ப்பெல்லாம் கிடையாது. பஸ் சட்டுனு எடுத்தா முதுகு சீட்டுல அழுந்துதுல்ல, அதேதான். கப்பல மாடி மேல மாடியா கட்டி, அடித்தளத்துல எஞ்சின வெச்சிருக்காங்க. எஞ்சின் தள்ளற வரைக்கும் காலு தரையில நிக்கும், அணைச்சா மிதப்பாங்க. பாதி வழி வேகமெடுத்து, கப்பலத் தலைகீழாத் திருப்பி, மீதி வழி அதே எஞ்சின்ல பிரேக். 15 கோடி கி.மீ. தூரத்த 1 ஜி-யில (பூமியோட ஈர்ப்பு அளவுக்குத் தள்ளுனா) இப்படிப் போனா ஏறக்குறைய 69 மணி நேரம். 0.3 ஜி-ன்னா 5 நாளுக்குக் கொஞ்சம் மேல. ரொம்ப வேகமெடுத்தா ரத்தம் தலைக்கு ஏறாது, அதுக்குத்தான் சீட்டுலயே ஊசி ஏறுது. சீரிஸ் குறுங்கோள்ல மில்லர் கிளாஸ்ல சரக்கு ஊத்தறதக் கவனிங்க, தாரை வளைஞ்சு விழும். அந்தக் கோளையே சுழல விட்டுத்தான் அங்க ஈர்ப்பு உண்டாக்கியிருக்காங்க, அதான். யாரும் நின்னு விளக்க மாட்டாங்க, நீங்களேதான் கண்டுபிடிக்கணும்.

மீனாட்சிபுரம்_மெயில்:
பெல்ட்டர், அதாவது பெல்ட்காரங்க, பேச்சையும் சேத்துக்குங்க. பல பாசை கலந்த கலவை, இதுக்குன்னே ஒரு மொழியியல்காரர் உருவாக்குனது. ஒரே வாக்கியத்துல தமிழும் மலையாளமும் பேசற நம்ம ஊர்க்காரங்களுக்கு அது சீக்கிரம் பிடிபட்டுரும். கை சைகை பெருசா இருக்கறது, விண்வெளி உடுப்புக்குள்ள முகம் தெரியாதுங்கறதால. சப்டைட்டில் போட்டே பாருங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றிங்க. மொத்தம் எத்தன எபிசோடு? வீட்டுல பத்து வயசுப் பையன் இருக்கான், கூட உக்கார வைக்கலாமா?

சித்தூர்ப்_புழை:
6 சீசன், 62 எபிசோடு. பையன் வேண்டாங்க. ரத்தம் நிறைய, அவசரலா வாயத் தொறந்தாலே கெட்ட வார்த்தை. மூணு சீசனோட சைஃபை சேனல் நிறுத்துனத அமேசான் எடுத்து, 2022 ஜனவரியில முடிச்சாங்க. கடைசி சீசன்ல 6 எபிசோடுதான். மூல நாவல் 9 இருக்குது, டிவி தொடர் ஆறாவது நாவலோட நின்னுருது. அதனால கடைசியில புதுக் கிரகத்துல ஆரம்பிக்கற ஒரு கிளைக்கதை பாதியில தொங்கும். சப்டைட்டில் கோளாறுன்னு ரிவைண்ட் பண்ணிட்டு உக்காராதீங்க.